காளத்தியில் ஒரு பாரத இரவு

கூடூரிலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில் காளஹஸ்தி ஒரு நிலையம். வாயுலிங்கத்தை வழிபடவும், இராகு கேது பூசை செய்விக்கவும் தமிழ்நாட்டினின்றும் மக்கள் நாள்தோறும் இங்கு வந்து இறங்குகின்றனர். பொன்முகலியாற்றைக் கண்டு, கண்ணப்பர் குன்றின்மேல் ஏறி, 2010 மே மாதத்தில் சரிந்து வீழ்ந்து மீண்டும் எழுப்பப்பெற்று 2017 இல் குடமுழுக்குக் கண்ட இராசகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். ஊரில் ஓர் இரவு தங்குவோர் குறைவு. அவ்வாறு தங்காமையால் அவர்கள் இழப்பது ஒன்று உண்டு. கோடையிலும் அதனை அடுத்த மாதங்களிலும் இப்பக்கத்து ஊர்களில் இரவு முழுதும் நடைபெறும் பாரதக் கூத்தே அது.

வந்து திரும்புகின்றவர்களை விடுங்கள். தொழிலின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் இங்கேயே குடியேறி வாழும் தமிழர் நாம் என்ன செய்கிறோம்? மத்தள ஓசை தொலைவிலிருந்து வந்தவுடன் சாளரத்தைச் சாத்திக்கொண்டு உறங்கிவிடுகிறோம். “தெலுங்குக் கூத்து, நமக்கு என்ன விளங்கப் போகிறது?” என்பதே நாம் சொல்லும் காரணம். நானும் பல ஆண்டுகள் அக்கட்சியைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். ஒரு நாள் மாலை, அண்டை வீட்டுத் தெலுங்குப் பெரியவர் ஒருவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாயிற்படியில் வந்து நின்றார். “ஐயா, புறப்படுங்கள். உங்கள் ஊர்க் கூத்துதான் நடக்கிறது. முதல் மத்தள அடியைக் கேட்டுவிட்டு, அது யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்” என்றார். மகள் வயிற்றுப் பேரனையும் அழைத்துக்கொண்டு போனேன். அவன் இங்கேயே பிறந்து தெலுங்குப் பள்ளியில் படிக்கின்றவன். தமிழைப் பேசுவான், எழுத்தறியான். அன்றைய இரவின் பயனாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பெரியவர் சொன்னது உபசாரப் பேச்சன்று. 1911 இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெறும் வரையில் காளஹஸ்தி சமீன் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் 1 ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1 ஆம் நாள், படாஸ்கர் பரிந்துரையை ஒட்டித் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. 2022 ஏப்ரலில் காளஹஸ்தி, புதிதாய் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பெற்றது. எல்லைக் கற்கள் இவ்வாறு பல முறை இடம் மாறின. கூத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. செய்யாறு, காஞ்சிபுரம், திருத்தணி, நகரி, புத்தூர், காளஹஸ்தி என்று வரிசையாய்ச் சென்றால், ஊருக்கு ஊர் மொழியின் விகிதம் மாறுமேயன்றி ஆட்டத்தின் உடல் மாறுவதில்லை.

இதன் நிலைக்களம் திரௌபதி அம்மன் கோயில். தமிழ்நாட்டில் அம்மன் பெயரால் வழங்கும் அக்கோயிலையே இங்குத் திரௌபதி சமேத தருமராசர் கோயில் என்பர். புத்தூரிலும் காளஹஸ்தியிலும் மட்டுமன்றி இப்பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றிலும் அதனைக் காணலாம். ஆண்டுத் திருவிழா பல ஊர்களில் பதினெட்டு நாள். பகலில் பாரதம் சொல்லப்படும். இரவில் அதே பாரதம் ஆடப்படும். தமிழ்ப் பக்கத்தில் பகற்பொழுது வில்லிபுத்தூரார் பாடலைப் படித்துப் பொருள் சொல்லும் பிரசங்கமாக நிகழும். தெலுங்குப் பக்கத்தில் அரிகதையாக நிகழும். நன்னயர், திக்கனர், எர்ரனர் என்னும் மூவர் மூன்று நூற்றாண்டுகளில் செய்து முடித்த தெலுங்குப் பாரதம் அம்மக்களுக்கு எத்துணை அணுக்கமானது என்பதை, பள்ளிச் சிறுவனும் அதிலிருந்து பத்தியம் ஒப்பிப்பதைக் கேட்டால் அறியலாம்.

கூத்துக்குப் போகின்றவர் முதலில் துண்டுப் பிரசுரத்தைப் படிக்க வேண்டும். எந்த இரவில் எந்தக் கதை என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும். பெயரைக் கண்டு மயங்க வேண்டா. வஸ்திராபஹரணம் என்றிருந்தால் நம் துகிலுரிதல். ராயபாரம் என்றால் கிருஷ்ணன் தூது. பத்மவியூகம் என்றால் அபிமன்யு சண்டை. துர்யோதன வதம் என்றால் பதினெட்டாம் போர். ஒரே ஓர் இரவுதான் ஒழியும் என்பவருக்கு நான் சொல்வது துகிலுரிதலே. இரண்டிரவு ஒழியும் என்றால் அர்ச்சுனன் தபசையும் பார்க்கலாம். அதில் உயர்ந்த கம்பம் ஒன்றை நட்டு, அர்ச்சுனன் வேடம் புனைந்தவர் படிப்படியாய்ப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்தையும் திருநீற்றையும் முந்தானையில் ஏந்துவதற்குப் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே ஈரப்புடவையுடன் காத்திருப்பதும் உண்டு.

பாயும் போர்வையும் கையோடு கொண்டு செல்வது நலம். கட்டணமோ இருக்கை எண்ணோ கிடையாது. களத்தின் பின்புறம் பலகையில் மேளக்காரர் அமர்வர்; மற்ற மூன்று பக்கமும் மக்களுடையவை. சிறுவர்கள் முன்வரிசையைப் பிடித்துவிடுவர். அவர்களோடு போட்டியிட வேண்டா. மத்தளக்காரரின் கை தெரியும் பக்கமாக, இருபது முழத் தொலைவில் அமர்வதே சிறப்பு. அங்கே ஓசை செவியில் மட்டும் விழுவதில்லை. நெஞ்சுக்கூட்டிலும் வந்து இடிக்கும். இடையில் உறக்கம் வந்தால் உறங்கலாம். அது குற்றமாகாது. பக்கத்துப் பாயில் இருக்கும் பெண்மணி, நல்ல கட்டம் வரும்போது “லேவண்டி, லேவண்டி” என்று தட்டி எழுப்பிவிடுவார். யாரை எப்போது எழுப்ப வேண்டும் என்பது இவ்வூர்களில் யாவரும் அறிந்த கலை.

இரவு பத்து மணி அளவில் களரி கட்டுவர். பாத்திரம் ஒன்றும் வாராமல் வாத்தியங்கள் மட்டும் முழங்கும் முழக்கம் இது. மத்தளம் ஒன்று, கைத்தாளம் ஒரு சோடி, ஒரு சாணுக்குச் சற்றே மிகுந்த நீளமுள்ள முகவீணை ஒன்று, ஆர்மோனியம் ஒன்று. முகவீணை இப்போது அருகி வருகிறது. நாயனத்தின் குழந்தை என்று அதனைச் சொல்லலாம். ஆனால் குழந்தையின் அழுகையைப் போலவே அதுவும் ஊர் முழுவதையும் எழுப்ப வல்லது. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டியாயினும், இசை நாடகக் கொட்டகைகளின் வழியே கூத்துக்குள் புகுந்து நிலைத்துவிட்டது.

பின்னர் இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வருவர். அதுவே திரை. அதன் பின்னே நின்று துரியோதனன் பாடத் தொடங்குவான். முடியின் உச்சி மட்டும் தெரியும். சலங்கையணிந்த கால் தெரியும். அவன் தன் பெருமையைப் பாடப்பாட மக்களின் ஆவல் வளரும். திரை சிறிது தாழும், மீண்டும் உயரும். முடிவில் திரை விலகியதும் செம்முகத்தோடு சுழன்று சுழன்று ஆடி வருவான். முடி, தோளணி, மார்புப் பதக்கம் ஆகிய அனைத்தும் கல்யாணமுருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியவை. இலேசான மரம் என்றாலும், அத்தனையும் பூண்டு இரவு முழுதும் ஆடுவது இலேசன்று.

இங்கே கட்டியங்காரன் குறுக்கிட்டு, “யாரையா நீர்? எந்த நாடு? இந்நேரத்தில் இங்கு என்ன வேலை?” என்று அரசனையே கேட்பான். அரசன் குலமுறை கிளத்தி விடை சொல்வான். கட்டியங்காரனுக்கு இரண்டு மொழியும் வரும். தெலுங்கில் தொடங்கிய கேலியைத் தமிழில் முடிப்பான். வெங்காய விலையிலிருந்து ஊர்த் தேர்தல் வரை எதையும் விடான். துரியோதனனுடைய சபையில் வெங்காய விலை எங்ஙனம் வந்தது என்று கேட்பவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

இனி, மொழி விளங்காது என்ற அச்சத்துக்கு வருகிறேன். கூத்தில் ஒரு செய்தி ஒரு முறை சொல்லப்படுவதில்லை. மூன்று முறை சொல்லப்படுகிறது. முதலில் தாளமின்றி நீட்டிப் பாடும் செய்யுள். அதனைத் தமிழில் விருத்தம் என்கிறோம். தெலுங்கில் பத்தியம் என்பர். அடுத்து, அதே பொருளைத் தாளக்கட்டோடு ஆடிப் பாடும் பாட்டு. தமிழில் இதன் பெயர் தரு, தெலுங்கில் தருவு. மூன்றாவதாக வசனம், தெலுங்கிலும் வசனமே. தமிழனும் தெலுங்கனும் தனித்தனியே இருந்து வகுத்த அமைப்பாயின் உறுப்புகளும் பெயர்களும் இவ்வாறு ஒத்திரா. செய்யுளில் தவறவிட்டதைப் பாட்டில் பிடிக்கலாம். பாட்டில் தவறவிட்டதை வசனத்தில் பிடிக்கலாம். அன்றியும், பாட்டின் ஒவ்வோர் அடியையும் பின்பாட்டுக்காரர் திரும்பப் பாடுவர். நடிகருக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பது அதன் முதற்பயன். கேட்பவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது மறுபயன்.

கூத்துப் பாட்டைக் கூச்சல் என்று ஒதுக்குவோர் நம்மில் உண்டு. சபைகளில் அமர்ந்து மெல்லிய இசையைக் கேட்டுப் பழகிய செவிக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் பாடுகின்றவருக்குச் சுவரும் கூரையும் துணை; அவை ஓசையைத் திருப்பித் தருகின்றன. வெட்டவெளியிலோ போன ஓசை போனதுதான். ஆயிரம் பேர் மூன்று பக்கமும் இருக்க, மத்தளமும் முகவீணையும் அருகிலேயே முழங்க, அவற்றை ஊடுருவிச் செல்வதற்குக் குரல் மேலே ஏறியே ஆக வேண்டும். அதனால் நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் பாடினர். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பது ‘ஸி’ எனப்படும் கட்டை; ஐந்து கட்டை ‘ஜி’ எனப்படுவது. அந்தச் சுருதியில் மேல் ஸ்தாயியை எட்டுவது ஆண் குரலுக்கு எளிதன்று. சொல்லின் மெய்யெழுத்துகள் காற்றில் கரைந்துவிடும் என்பதால் உயிரெழுத்தை நீட்டி வீசுவர். இவையெல்லாம் முரட்டுத்தனத்தால் விளைந்தவை அல்ல. களத்தை அளந்து குரலை அமைத்துக்கொண்ட தொழில் நுட்பம் என்றே சொல்வேன். எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) போன்ற இசை நாடக நடிகர்கள் உச்சக் குரலில் பாடிப் புகழ்பெற்றதும் ஒலிபெருக்கி பரவாத காலத்து மேடைத் தேவையை ஒட்டியதே.

பேரன் அன்று என்னிடம் சொன்னது: “தாத்தா, இது ராக் கச்சேரி மாதிரி இருக்கிறது.” நான் சினந்துகொள்ளவில்லை, ஏனெனில் அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து வானொலி நிலையம் ஒன்று 1925 இல் சனிக்கிழமை இரவுதோறும் நாட்டுப்புறப் பாட்டை ஒலிபரப்பத் தொடங்கியது. ‘கிராண்டு ஓல் ஆப்ரி’ என்னும் அந்நிகழ்ச்சியை நேரில் காண மக்கள் திரண்டனர். 1943 முதல் 1974 வரை அது ரைமன் அரங்கில் நடந்தது. அவ்வரங்கு 1892 இல் வழிபாட்டுக் கூடமாகக் கட்டப்பெற்றது. ஆகவே இசை கேட்க வந்தோரும் தேவாலயத்து விசிப்பலகைகளிலேயே அமர்ந்தனர். புதிய அரங்குக்கு மாறியபோது பழைய மேடையின் பலகையில் ஒரு வட்டத்தை அறுத்தெடுத்துச் சென்று புதிய மேடையின் நடுவில் பதித்தார்கள். முன்னோர் நின்று பாடிய இடத்திலேயே தாமும் நின்று பாட வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். அந்நாட்டு நாட்டுப்புறப் பாட்டும் கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் கூடிப் பிறந்ததுதான் 1950களில் எழுந்த ராக் இசை. உயர்ந்த குரல், இடைவிடாத தாளம், உடன்பாடும் கூட்டம் ஆகியவற்றில் கூத்து அவற்றுக்கு உறவுதான். ஆனால் ரைமன் அரங்கில் வழிபாட்டுக் கூடம் கச்சேரிக் கொட்டகையாயிற்று. நம் களத்திலோ கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே அது வழிபாடாகிவிடுகிறது.

துகிலுரிதலில் அதனைக் காணலாம். நள்ளிரவு கடந்து, வேடிக்கைப் பேச்செல்லாம் அடங்கியபின், துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பற்றி இழுத்து வருவான். திரௌபதியும் ஆண் நடிகர்தான். சேலையில் கைவைக்கு முன் துச்சாதனன் வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கைகூப்பி, தாம் செய்யப்போகும் செயலுக்குத் தாயிடம் மன்னிப்புக் கேட்பார். சூடம் கொளுத்துவர். அமர்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்று குலவையிடுவர். சிலர் ஆவேசம் வந்து ஆடுவர். தாம் நடிகர் என்பதைத் துச்சாதனனும், தாம் பார்வையாளர் என்பதை மக்களும் மறக்கவில்லை. ஆயினும் அம்மன் முன் நிற்கிறோம் என்பதை இருவரும் அறிவர்.

அந்நேரத்தில் திரௌபதி பாடிய பத்தியம் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. பேரன் என் காதருகில் குனிந்து அதன் பொருளைச் சொன்னான். பள்ளியில் படித்த பாடமாம். சிறிது நேரத்தில் அவள் கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம் செய்யும் இடம் வந்தது. அக்கட்டத்தை எங்கள் ஊரில் தமிழ் விருத்தமாகக் கேட்டு நான் வளர்ந்தேன்; அதை அவனுக்குச் சொன்னேன். வீட்டில் அவனுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்க நான் பட்ட பாடெல்லாம் ஒருபுறம் இருக்க, “அதை எழுதிக் காட்டு, தாத்தா” என்று அவனே கேட்டது அந்தப் பாயில்தான். மறுநாளே தமிழ்ப் புலவனாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். நெடுங்கணக்கில் இன்னும் ளகர ழகரத் தகராறு இருக்கிறது.

சிறுவர்களை அழைத்துச் செல்வோர் பகலில் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. காளஹஸ்தியில் கலம்காரித் துணி எழுதும் வீடுகளில் ஒன்றுக்குப் போகலாம். பாலும் கடுக்காயும் ஊட்டிய துணியில், மூங்கிற் குச்சியைக் கூராக்கித் துணி சுற்றிய எழுதுகோலால், இரும்பும் வெல்லமும் ஊறிய கரிய மையில் பாரதக் கதையைக் கட்டம் கட்டமாய் வரைகின்றனர். கீழே தெலுங்கில் விளக்கம் எழுதுகின்றனர். இத்தொழில் நலிந்திருந்த காலத்தில், 1950களில், இங்குப் பயிற்சி நிலையம் ஏற்படுத்தி மீட்டனர். கோயிலில் தொங்கவிட்டு மக்களுக்குக் கதை சொல்லும் துணிகளாகவும் இவை பயன்பட்டன. பகலில் துணியில் கண்ட முடியையும் தோளணியையும் இரவில் களத்தில் காணும் குழந்தை, கதையை எளிதில் மறவாது.

கூத்தின் இன்றைய நிலை எவ்வாறு? தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. அதுவும் போய் மின்விளக்கு வந்தது. இவற்றால் பெருந்தீங்கு இல்லை. ஒலிபெருக்கியின் செய்தி வேறு. அது வந்தபின் நடிகர்கள் களம் முழுவதையும் ஆளுவதை விட்டு, ஒலிவாங்கி தொங்கும் இடத்தில் வந்து நின்று பாடப் பழகினர்; குரலை வீசும் பயிற்சியும் தளர்ந்தது. பிறகு சட்டம் வந்தது. ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள், 2000 என்பவற்றின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். அதுவும் ஆண்டில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல். பதினெட்டு நாள் பாரதம் இதற்குள் எப்படி அடங்கும்? சில ஊர்களில் கதையைச் சுருக்கி முன்னிரவிலேயே முடிக்கின்றனர். நோயாளிகளும் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் உறங்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. விதி நல்ல விதியே. ஒலிபெருக்கி இன்றியே ஓர் ஊரை ஆண்ட குரல்கள், அதனை நம்பித் தம் வலிமையை இழந்தபின் அதுவும் மறுக்கப்படுகிறதே என்றுதான் வருந்துகிறேன். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் போன்றோரிடம் பாடம் கேட்ட குழுக்கள் தமிழ்நாட்டில் இன்னும் உள்ளன. ந. முத்துசாமி 1977 இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் அப்புரிசைக் கூத்தைக் கண்ட வியப்பின் வழி வந்ததே. தெலுங்குப் பக்கத்துக் குழுக்களைக் குறித்து அத்துணை எழுதுவார் இல்லை.

இக்குழுக்களுக்கு நம்மால் ஆவது யாது என்று பெரியவரைக் கேட்டேன். “வந்து உட்காருங்கள்; முழு இரவும் உட்காருங்கள். பாதியில் எழுந்து போகின்றவர்களைப் பார்த்தால் பாடுகின்றவனுக்குத் தொண்டை கட்டிவிடும்” என்றார். கையில் உள்ளதை அன்பளிப்பாகக் கொடுத்தால் கட்டியங்காரன் கொடுத்தவர் பெயரைக் களத்தில் உரக்கச் சொல்வான். என் பெயரைத் தெலுங்கில் சற்றுத் திரித்துச் சொன்னான். திருத்த மனம் வரவில்லை.

விழாவின் நிறைவு நாளுக்குச் செல்ல முடிந்தால் விடியற்காலையிலேயே சென்றுவிட வேண்டும். மண்ணால் பனைமர நீளத்துக்குத் துரியோதனன் உருவத்தைக் கிடத்தியிருப்பர். வீமன் அதனைச் சுற்றிச் சுற்றி ஓடித் தொடையில் அடிப்பான், செந்நீர் பீறிடும், திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். அன்று மாலை தீமிதி. நாங்கள் இருந்த இரவில் துகிலுரிதலோடு கூத்து முடிந்தது. கிழக்கு வெளுக்கையில் மேளம் ஓய்ந்தது. துச்சாதனன் கிணற்றடியில் தேங்காயெண்ணெய் தடவி முகத்துச் செஞ்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பேரன் அருகே போய் நின்றான். “ஏ ஊரு, பாபு?” என்று அவர் கேட்டார். அவன் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, “இந்த ஊர்தான்” என்று தமிழில் விடை சொன்னான். “அப்படியா, நல்லது தம்பி” என்று அவரும் தமிழிலேயே சொல்லிவிட்டு, மற்றக் கன்னத்தைத் துடைக்கலானார்.